நாயைத் தேனீ, குளவி கொட்டினால்: கேள்வி பதில்

பெரம்பூரில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். இன்று கொட்டும் பூச்சிகள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வியாசர்பாடி: மொட்டைமாடியில் தேனீயைக் கவ்வப்போன லாப்ரடாருக்கு உதடும் மூக்கும் வீங்கிவிட்டன. என்ன செய்யலாம்?

முதலில் கொடுக்கைத் தேடுங்கள். தேனீ போன பிறகும் கொடுக்கோடு ஒட்டியிருக்கும் விஷப்பை சுருங்கிச் சுருங்கி விஷத்தை உள்ளே இறக்கும். ஏ.டி.எம். அட்டையால்தான் சுரண்ட வேண்டும், விரலால் கிள்ளக்கூடாது என்பார்கள். அட்டையைத் தேடும் நேரத்தில் நகத்தாலேயே எடுத்துவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். பிறகு ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள்.

அப்புறம் ஈறைப் பாருங்கள். உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பாருங்கள். நிறம் சரியாக இருந்து, மூச்சு சீராக இருந்து, நாயும் தெம்பாக இருந்தால் முகவீக்கம் பெரும்பாலும் ஒரு நாளில் வடிந்துவிடும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு இது இன்னும் ஆபத்து.

தண்டையார்பேட்டை: குளவி கொட்டிய பத்து நிமிடத்தில் எங்கள் நாட்டு நாய்க்கு வாந்தி, பேதி, கால் தள்ளாடி விழுந்துவிட்டது. முகம் வீங்கவே இல்லை. மருத்துவமனையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். காலையில் தின்ற மீன் காரணமாக இருக்குமா, டாக்டர்?

மீன் இல்லை அம்மா, குளவிதான். உடனே தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அதுதான் அதைக் காப்பாற்றியது.

மனிதருக்குக் கடும் ஒவ்வாமை என்றால் மூச்சுத்திணறல்தான் முதலில் நினைவுக்கு வரும். நாய்க்கு அடி விழுவது குடலிலும் கல்லீரலிலும். ஒவ்வாமையின்போது உடலே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பெருகி, கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் வழி இறுகுகிறது. ரத்தம் வயிற்றுப் பக்கமே தேங்கி நிற்கிறது. அதனால்தான் திடீர் வாந்தி, பேதி; பிறகு ரத்த அழுத்தம் இறங்கி, ஈறு வெளுத்து, நாய் சுருண்டு விழுகிறது. தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலே இது நடக்கலாம். வீக்கம் இல்லையே என்று வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாய் போய்விடும். அந்த நிலையில் காப்பாற்றும் மருந்து அட்ரினலின், கூடவே சிரைவழி திரவம் (டிரிப்ஸ்). உங்கள் நாய்க்கு இது மறுபடியும் வரலாம். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று இப்போதே விசாரித்து, எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கொருக்குப்பேட்டை: வீட்டில் ஏவில் (ஒவ்வாமை மாத்திரை) இருக்கிறது. பாதி மாத்திரை கொடுக்கலாமா?

நாயின் எடை தெரியாமல் அளவு சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டருக்கு போன் போட்டுக் கேளுங்கள். சளி மாத்திரை கொடுக்கவே கூடாது. அதில் பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் கலந்திருக்கும். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கொடுத்தால் வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். இன்னொன்று, ஈறு வெளுத்த நாய்க்கு ஏவில் போதாது.

காசிமேடு: கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவினால் போதுமே?

வேண்டாம். நாய் நக்கும், நாக்கு வெந்துவிடும். மூக்கில் தடவியது கண்ணுக்குப் போனால் பார்வைக்கே ஆபத்து.

மறுபடியும் காசிமேடு: எங்கள் தாத்தா காலத்திலிருந்து தடவுகிறோம் சார். தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் முறியும். பள்ளிக்கூடப் பாடமே அதுதானே?

தாத்தா தன் கையில் தடவினார். அவர் கையை நக்கவில்லை. விஷம் இருப்பது தோலுக்கு அடியில், சுண்ணாம்பு நிற்பதோ தோலுக்கு மேலே. இரண்டும் சந்திப்பதே இல்லை. அதோடு, விஷத்தில் வேலை செய்வது வெறும் அமிலம் அல்ல. மெலிட்டின் என்ற புரதம் செல்களின் சவ்வைக் கிழிக்கிறது, பாஸ்போலிபேஸ் என்ற நொதி அதற்குத் துணைபோகிறது. உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும், சுண்ணாம்பு தடவிய பல நாய்கள் நன்றாகிவிட்டது உண்மைதான். ஒன்றும் தடவாத நாய்களும் அதே நேரத்தில் நன்றாகிவிடுகின்றன. எனக்குக் கவலை, கடும் ஒவ்வாமை வந்த நாய்க்கு வெற்றிலைப் பெட்டியைத் தேடும் அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

ராயபுரம்: மஞ்சள்?

அதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய், வெங்காயம் என்று அடுத்து வரப்போகும் கேள்விகளுக்கும் இதே பதில்தான்.

கொளத்தூர்: முகம் வீங்கியிருக்கிறது, என்ன மாத்திரை?

வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் சொன்னதைப் படியுங்கள். ஈறைப் பார்த்தீர்களா?

திருவொற்றியூர்: உண்ணி கடித்துக் காய்ச்சல்.

அது இந்தக் கணக்கில் வராது. ரத்தப் பரிசோதனை வேண்டும், நேரில் காட்டுங்கள்.

மாதவரம்: தடுப்பூசி போட்ட அன்று குட்டிக்குக் கண்ணைச் சுற்றி வீங்கிவிட்டது. இனி ஊசியே போடாமல் விடலாமா?

கூடாது. வெறிநாய்க்கடி நோய் வந்தால் நாய் பிழைக்காது. அடுத்தமுறை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே மருந்து கொடுப்பார், ஊசிகளைப் பிரித்தும் போடுவார். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள்.

எண்ணூர்: சன்ஷேடில் தேன்கூடு. தீ வைக்கப் போனதில் கலைந்து, கட்டிப்போட்டிருந்த நாயைப் பத்து இருபது தேனீக்கள் கொட்டிவிட்டன. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது.

சாப்பிட்டாலும் இன்றே காட்டுங்கள். நிறையக் கொட்டினால் ஒவ்வாமை இல்லாமலே விஷத்தின் அளவே கெடுதல் செய்யும். ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். மூன்று நாளைக்குச் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். டீ டிகாஷன் நிறத்தில் போனால் எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். கூட்டைக் கலைக்கத் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள். அவர்கள் வருவதற்குள் நாயை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.