என் பொண்ணு எந்த டிரஸ் போட்டாலும் குத்துதுன்னு அழறா, என்ன துணி வாங்கலாம்?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க, அவ அடம் பிடிக்கல, நமக்கு ரெண்டு நிமிஷத்துல மறந்து போற உரசல் அவளுக்கு நாள் முழுக்க உறுத்திக்கிட்டே இருக்கும், ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்ககிட்ட இது ரொம்ப சகஜம், 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற மனநல மருத்துவர்களோட நோயறியும் கையேட்டுலயே ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா இதையும் சேர்த்துட்டாங்க, ஆனா ஆட்டிசம் இல்லாதவங்களுக்கும் இருக்கு, எனக்கே இருக்கு.

திருப்பூர் பனியன் துணி பாருங்க. அது பின்னல் துணி, நூல் வளையம் வளையமா இருக்கறதால உடம்போட இழுபடும். அதுலயும் கோம்ப்டு காட்டன்னு கேட்டு வாங்குங்க, குட்டை இழையெல்லாம் சீவி எடுத்துடறதால சொரசொரப்பு கம்மி. லேபிளை கத்தரிக்காதீங்க, மிச்சம் நிக்கற ஓரம் இன்னும் மோசமா குத்தும், தையலைப் பிரிச்சு முழுசா எடுங்க. புதுசை ரெண்டு மூணு தடவை அலசிட்டுதான் போடணும், கஞ்சி வேண்டவே வேண்டாம். யூனிஃபார்ம் பாலியஸ்டர்னா உள்ள பனியனைத் திருப்பிப் போட்டு விடுங்க, தையல் வெளிப்பக்கம் போயிடும். பட்டுப்பாவாடைக்கு ஜரிகை படற இடத்துல காட்டன் லைனிங் வைக்கச் சொல்லுங்க, அப்பவும் வேணாம்னா தயவுசெஞ்சு விட்டுடுங்க.

ஒத்து வந்த டிரஸ் கிடைச்சா அடுத்த சைஸையும் சேர்த்தே வாங்கி வெச்சுக்கோங்க.