முதல் எட்டு பைட்டைக் காட்டுங்கள்

பழைய ஃபைல், பழைய ஃப்ளாப்பி, பழைய சிடி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மதுரை மேலமாசி வீதி பக்கம் டிடிபி கடை வைத்திருப்பவர் பதில் சொல்கிறார்.

எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் 1995-ல் நடந்தது. தலைக்கட்டு வரி, நன்கொடை எல்லாவற்றையும் ஒரு தம்பி கம்ப்யூட்டரில் ஏற்றி ஃப்ளாப்பியில் கொடுத்தார். அதில் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கிறது. பெயர் ‘கோயில்’, புள்ளிக்குப் பின்னால் ‘ஓஎல்டி’ என்று மூன்று எழுத்து. அளவு 28,372 பைட். எக்ஸெலில் போட்டால் குப்பையாக வருகிறது. கரப்ட் ஆகிவிட்டது என்கிறார்கள். முதல் வரியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி அருகே

ஐயா, ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வால் மூன்று எழுத்தைப் பார்த்து எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பழசு என்று ஞாபகம் வைக்க அந்தத் தம்பியே மாற்றியிருப்பார். உள்ளே முதலில் இருக்கும் பைட்டுகளை யாரும் அப்படித் தொடுவதில்லை. என்னிடம் எந்த ஃபைல் வந்தாலும் நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

உங்கள் படத்தில் தெரிவது இது: 03 5எஃப் 08 1சி 82 01 00 00 சி1 00 49 00. ஹெக்ஸ் என்பது பதினாறு இலக்கம் வைத்து எண்ணும் கணக்கு; அதில் 9-க்கு அப்புறம் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் வரும். எஃப் என்றால் 15. இரண்டு இலக்கம் சேர்ந்தது ஒரு பைட்.

முதல் 03, பட்டியல்களைச் சேமிக்கும் பழைய டேட்டாபேஸ் மென்பொருளான டிபேஸ் 3-இன் அடையாளம். ஃபாக்ஸ்பேஸிலும் கிளிப்பரிலும் வேலை பார்த்தவர்கள் எழுதியதும் இதே ரகம்தான். ஆனால் ஒற்றை பைட்டை நம்பி நான் சத்தியம் பண்ண மாட்டேன். 03-ல் தொடங்கும் ஃபைல் உலகத்தில் எத்தனையோ இருக்கும். அதற்குப் பின்னால் வருவதும் ஒத்துப்போக வேண்டும். 5எஃப் என்பது 95, 08 என்பது ஆகஸ்ட், 1சி என்பது 28. அதாவது கடைசியாகக் கை வைத்தது 28.8.1995. உங்கள் கும்பாபிஷேக வருஷத்தோடு பொருந்துகிறதா?

அடுத்த நாலு பைட்டில் எத்தனை பதிவு என்று இருக்கும். சின்ன இலக்கம் முன்னால் வரும் கணக்கு இது. 82 என்பது 130, 01 என்பது ஒரு 256. கூட்டினால் 386 பேர். சி1 என்றால் 193. தலைப்புப் பகுதியின் நீளம். 49 என்றால் 73. ஒரு ஆளுக்கு ஒதுக்கிய இடம். இப்போது 386-ஐ 73-ஆல் பெருக்குங்கள்: 28,178. அதோடு 193 சேர்த்தால் 28,371. ஃபைல் முடிந்தது என்று சொல்ல கடைசியில் ஒரு 1ஏ. மொத்தம் 28,372. நீங்கள் எழுதிய அளவு அதேதான். கடைசி ஆள் வரைக்கும் அளவு குறையாமல் வந்திருக்கிறது. கரப்ட் என்று சொன்னவரிடம் இந்தப் பெருக்கலைக் காட்டுங்கள்.

33-வது பைட்டிலிருந்து பத்திகளின் பெயர்கள் ஆரம்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் 32 பைட். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஐந்து பத்தி: பெயர், ஊர், தொகை, ரசீது எண், தேதி என்று ஏதாவது இருக்கும். அதைத் தாண்டினால் எல்லாம் வெறும் எழுத்து. ரகசியம் ஒன்றும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு ஆளின் வரிக்கும் முன்னால் ஒரு பைட் இருக்கும். அது 20 என்றால் உயிரோடிருக்கும் பதிவு. 2ஏ, அதாவது நட்சத்திரக் குறி என்றால் ‘நீக்கியது’. டிபேஸில் ஒரு பெயரை நீக்கினால் இந்தக் குறி மட்டும்தான் விழும். பெயரும் தொகையும் அப்படியே கிடக்கும். ‘பேக்’ என்ற கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே போகும். ஹெக்ஸில் பார்த்தால் யாரை எடுத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தலைக்கட்டு வரி விவகாரம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்த்ததை ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்.

திறப்பதற்கு: ஃபைலை ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். பிரதியின் வாலை ‘டிபிஎஃப்’ என்று மாற்றி லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறங்கள். ஃப்ளாப்பியின் மூலையில் உள்ள சின்னக் கதவைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வைத்தால் அதில் எதுவும் எழுத முடியாது. ‘ஃபார்மேட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஆமாம் சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம்.

எங்கள் அப்பா பத்திர எழுத்தர். அவர் அடித்த இங்கிலீஷ் டாகுமென்ட்டுகளை நோட்பேடில் திறந்தால் வார்த்தை எல்லாம் படிக்க முடிகிறது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையின் கடைசி எழுத்தும் வேறு மொழி எழுத்தாக இருக்கிறது. வைரஸா?
— வாசகி, மேலூர்

வைரஸ் இல்லை அம்மா, வேர்ட்ஸ்டார் என்ற பழைய டைப்பிங் மென்பொருள். இதற்கு முதல் பைட்டில் அடையாளம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பழைய வேர்ட்ஸ்டார் ஃபைல் நேரே எழுத்திலேயே தொடங்கிவிடும். நீங்கள் சொன்ன கடைசி எழுத்துக் கோளாறுதான் அடையாளம்.

இங்கிலீஷ் எழுத்துக்கு ஏழு பிட் போதும். மீதி இருந்த எட்டாவது பிட்டை வேர்ட்ஸ்டார் தன் சொந்தக் குறிக்கு வைத்துக்கொண்டது. வார்த்தையின் கடைசி எழுத்தில் அதை ஏற்றிவிடும். ஏற்றினால் மதிப்பு 80 கூடும் (இதுவும் ஹெக்ஸ்தான்). சின்ன ‘ஈ’ 65. அது ஈ5 ஆகிவிடும். விண்டோஸ் அதைத் தலையில் வளையம் வைத்த ‘ஏ’ என்று காட்டும். ‘டி’யில் (ஹெக்ஸ் 64) முடியும் வார்த்தைக்கு இரண்டு பொட்டு வைத்த ‘ஏ’ வரும். பத்திரத்தில் ‘தி’ என்பதும் ‘மேற்படி’ என்ற அர்த்தத்தில் ‘செட்’ என்பதும் வரிக்கு வரி வருமே, அவற்றின் வாலைப் பாருங்கள், இந்த இரண்டும்தான் நிற்கும். வரி முடிவில் 0டி-க்குப் பதில் 8டி இருந்தால் சந்தேகமே வேண்டாம். வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்து ‘பிஏ’, ‘ஓபி’ என்று ஏதாவது தெரிந்தால் அவை பக்கம் மாற்று, பக்க எண் போடாதே என்ற கட்டளைகள். ஃபைல் கடைசியில் 1ஏ 1ஏ 1ஏ என்று வரிசையாக நிற்பது, டாஸுக்கும் முந்தைய இயங்குதளமான சிபிஎம் காலத்துப் பழக்கம். 128 பைட் கட்டு நிரம்பும் வரை ஒப்புக்குப் போட்டது.

80-க்கு மேல் இருக்கிற ஒவ்வொரு பைட்டிலும் 80-ஐக் கழித்தால் சுத்தமான எழுத்து வந்துவிடும். புரோகிராம் தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் பத்து நிமிஷ வேலை. ஒரிஜினல் ஃபைலை மட்டும் நோட்பேடில் வைத்து ‘சேவ்’ கொடுத்துவிடாதீர்கள்.

கல்யாண சிடியில் ‘டிஏடி’ என்று முடியும் ஃபைல் இருக்கிறது. மாற்றித் தர ஸ்டூடியோவில் பெரிய தொகை கேட்கிறார்கள். 4கே ஆக்கித் தருவார்களாம்.
— வாசகி, திருமங்கலம்

அது விசிடி. முதல் நாலு பைட் 52 49 46 46, எழுத்தில் ‘ஆர்ஐஎஃப்எஃப்’. ஆனால் பாட்டு ஃபைலான வேவ், வீடியோவான ஏவிஐ எல்லாம் இதே நாலில்தான் தொடங்கும். ஒன்பதாவது பைட்டிலிருந்து பன்னிரண்டு வரை பாருங்கள்: ‘சிடிஎக்ஸ்ஏ’ என்று இருந்தால் விசிடி. உள்ளே இருப்பது எம்பெக்-1 வீடியோ. விஎல்சி பிளேயரில் போட்டால் அப்படியே ஓடும், மாற்றவே தேவையில்லை. படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளி, அதுதான் அந்தக் காலத்து விசிடி அளவு. அதிலிருந்து 4கே எடுக்கிறேன் என்றால் இல்லாத முகத்தைக் கம்ப்யூட்டர் வரைந்து தரும் என்று அர்த்தம். தாலி கட்டுகிறவர் உங்கள் வீட்டுக்காரர் மாதிரி இருக்க மாட்டார். காசைக் கையில் வையுங்கள்; சிடியில் கீறல் கூடுவதற்குள் ஃபைலை வேறு இரண்டு இடத்தில் ஏற்றி வையுங்கள்.

கட்சிக்காரர் அனுப்புகிற கோரல் ஃபைல் எந்த வெர்ஷன் என்று திறக்காமலே தெரியுமா?
— அச்சகம் நடத்துபவர், சிவகாசி

தெரியும் அண்ணாச்சி. அதே ஆர்ஐஎஃப்எஃப், அதே ஒன்பதாவது பைட். அங்கே ‘சிடிஆர்9’ என்று இருந்தால் கோரல் 9. ஒற்றை எழுத்துக்குத்தான் இடம் என்பதால் 10-க்கு ‘சிடிஆர்ஏ’ என்று போட்டார்கள். எக்ஸ்4-லிருந்து தலையே மாறிவிட்டது. 50 4பி என்று ஜிப் தலை வரும். கோரல் இல்லாத இடத்தில் இங்க்ஸ்கேப் அல்லது லிப்ரே ஆஃபீஸ் டிராவில் திறந்து படத்தையாவது பார்க்கலாம். எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் வாசகம் உருக்குலைந்துதான் வரும்.

அப்பா எழுதிய கவிதைகள் ஒரு ஃபைலில் உள்ளன. பெயரில் வால் எதுவும் இல்லை. முதல் எட்டு பைட் டி0 சிஎஃப் 11 ஈ0 ஏ1 பி1 1ஏ ஈ1. வேர்ட் என்று நினைத்துத் திறந்தேன். முழுக்க இங்கிலீஷ் எழுத்து, அர்த்தமே இல்லை.
— கல்லூரி விரிவுரையாளர், திண்டுக்கல்

இரண்டு பூட்டு போட்ட பெட்டி உங்களுடையது. முதல் பூட்டைச் சரியாகத்தான் திறந்திருக்கிறீர்கள்.

இந்த எட்டு பைட்டைக் கண்டதும் ‘வேர்ட்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். இது மைக்ரோசாஃப்டின் ஓஎல்ஈ அடுக்கு. வேர்ட் 97, எக்ஸெல் 97, பவர்பாயின்ட் எல்லாம் இந்தத் தலையோடுதான் வரும். டிபன் கேரியரை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே சாம்பாரா பாயசமா தெரியாதே, அந்த மாதிரி. அடுக்கின் பெயர் இன்னும் உள்ளே இருக்கும். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் கீழே போய்த் தேடினால் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு 00 வைத்து ‘வேர்ட்டாகுமென்ட்’ என்றோ ‘ஒர்க்புக்’ என்றோ நிற்கும். பேஜ்மேக்கர் 6.5, 7 ஃபைல்களும் இந்தக் குடும்பம்தான். அதில் ‘பேஜ்மேக்கர்’ என்றே இருக்கும். சாதாரணமாகத் தேடினால் சிக்காது. யூனிகோட் என்று தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும்.

இரண்டாவது பூட்டு எழுத்துரு. இதற்கு ஃபைலின் தலையில் எந்தக் குறியும் கிடையாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய வரியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்தும் சேர்ந்து மூன்று இடத்தில் வருகிறது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவான பாமினியின் விசைப்பலகையில் அந்த ஐந்தையும் தட்டினால் ‘தமிழ்’ என்று வரும். ஆகவே பாமினி. இங்கிலீஷ் எழுத்தே அதிகம் இல்லாமல் 80-க்கு மேற்பட்ட விசித்திர எழுத்துகளாக வந்திருந்தால் டிஸ்கி, டாப், டாம் என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைகள் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். டாப், டாம் இரண்டும் 1999-ல் தமிழக அரசு அறிவித்த முறைகள். இப்போது எழுதுகிற யூனிகோட் தமிழை யூடிஎஃப்-8 ஃபைலில் பார்த்தால் மூன்று பைட்டுக்கு ஒருமுறை ஈ0 ஏஈ அல்லது ஈ0 ஏஎஃப் என்று தாளம் தப்பாமல் வரும். ‘அ’ என்றால் ஈ0 ஏஈ 85.

என்எச்எம் கன்வர்ட்டரில் பாமினியிலிருந்து யூனிகோட் என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் நிஜமாகவே இங்கிலீஷில் எழுதிய வார்த்தை இருந்தால் அதையும் தமிழாக்கிக் கெடுத்துவிடும். மாற்றிய பிறகு ஒரு தடவை உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் அப்பாவின் கவிதை, நீங்கள் படிக்காமல் யார் படிப்பது?

இந்த அடையாள பைட்டுகளை யார் முடிவு செய்வது? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
— பொறியியல் மாணவர், திருப்பரங்குன்றம்

யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை தம்பி. ஃபார்மேட்டை உருவாக்கியவர் மனதில் பட்டதை வைத்தார். ஜிப்பின் ‘பிகே’ ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். டாஸ் புரோகிராமின் ‘எம்இஸட்’ மைக்ரோசாஃப்டின் மார்க் ஸ்பிகோவ்ஸ்கி. டிஃப் படத்தில் ‘ஐஐ’ அல்லது ‘எம்எம்’ வந்து பின்னால் 42 (ஹெக்ஸில் 2ஏ) நிற்கும். ஐஐ என்றால் சின்ன இலக்கம் முன்னால் வரும் இன்டெல் வரிசை, எம்எம் என்றால் பெரியது முன்னால் வரும் மோட்டரோலா வரிசை.

எனக்குப் பிடித்தது பிஎன்ஜி படத்தின் தலை: 89 50 4ஈ 47 0டி 0ஏ 1ஏ 0ஏ. யோசித்துச் செய்த வேலை. 89-ல் எட்டாவது பிட் ஏறியிருக்கிறது. ஏழு பிட் மட்டும் கடத்தும் பழைய லைனில் போனால் அது 09 ஆகிவிடும், ஃபைல் கெட்டது உடனே தெரியும். அடுத்த மூன்றும் பெயர். 0டி 0ஏ டாஸின் வரி முடிவு. எழுத்து ஃபைல் என்று நினைத்து யாராவது வரி முடிவை மாற்றினால் இங்கேயே மாட்டிக்கொள்வார்கள். 1ஏ எதற்கு? டாஸில் ‘டைப்’ கட்டளை கொடுத்தால் திரை முழுக்கக் குப்பை கொட்டாமல் அங்கேயே நிற்பதற்கு. கடைசி 0ஏ, அதே சோதனை எதிர்த் திசையில். எட்டு பைட்டுக்குள் இத்தனை காவல். டிபேஸின் ஒற்றை 03-ஐ நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மனப்பாடம் வேண்டாம். லினக்ஸில் ‘ஃபைல்’ என்ற கட்டளையே இருக்கிறது. 1973-லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. விண்டோஸில் டிரிட் உண்டு. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் டிராய்ட் என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. பைட்டைக் கண்ணால் பார்க்க எச்எக்ஸ்டி போதும். மென்பொருள் ‘டேட்டா’ என்று மட்டும் சொல்லிக் கை விரிக்கும்போதுதான் நம் கண்ணுக்கு வேலை.

வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று ஒரு ஃபைல். முதல் இரண்டு பைட் பிகே. ஜிப் என்றால் ஆபத்தில்லையே?
— வாசகர், செல்லூர்

ஜிப்புக்கு மட்டுமல்ல, டாக்எக்ஸுக்கும் அதே பிகேதான், ஆண்ட்ராய்டு செயலியான ஏபிகேவுக்கும் அதே பிகேதான். உங்களுக்கு வந்த ஃபைலின் வால் ‘ஏபிகே’ என்று படத்திலேயே தெரிகிறது. பத்திரிகை அடிக்கிறவர் யாரும் ஏபிகே அனுப்ப மாட்டார். படமோ பிடிஎஃப்போதான் வரும். அழித்துவிட்டு, அனுப்பியவருக்கு ஃபோன் போட்டு அவர் நம்பர் அவர் கையில்தான் இருக்கிறதா என்று கேளுங்கள்.