எள்ளு விழுது இறுகினால் இன்னும் தண்ணீர் விடுங்கள்

கேள்வி: பிள்ளைகள் எள்ளு நூடில்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கறுப்பு எள்ளு 100 கிராம் வறுத்து, கிரைண்டரில் அரைத்து, நல்லெண்ணெயும் சோயா சோஸும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கலக்கினேன். குழைத்த சீமெந்து மாதிரி இறுகிவிட்டது. வாயில் வைத்தால் கசப்பு. நூடில்ஸும் பக்கெட்டில் சொன்ன 3 நிமிடத்தில் நடுவில் வேகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வடித்தால், ஆறியதும் ஒரே கட்டியாகிவிட்டது. வெளிநாட்டு எள்ளு விழுதும் எண்ணெயும் வாங்காமல் இதைச் சரியாகச் செய்ய வழி உண்டா? அரைத்த விழுது பாதிப் போத்தல் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வது?
– வாசகி, ஹட்டன்

பதில்: வழி உண்டு, சகோதரி. கடைத்தெருவில் கிடைக்கும் எள்ளும் நல்லெண்ணெயும் போதும். நீங்கள் சொன்ன குறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அவற்றில் விழுது இறுகியதைப் பிழை என்றே சொல்ல முடியாது. பாதி வழியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். நன்றாக அரைபட்டதும் அந்த எண்ணெய் வெளியே வரும்; மிச்சச் சக்கை நுண்ணிய துகளாக அதில் மிதக்கும். அதுதான் விழுது. அதில் ஒரு கரண்டி தண்ணீரோ சோயா சோஸோ விழுந்தால் துகள்கள் ஈரத்தைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கரண்டி நட்டுவைத்தால் நிற்கிற அளவுக்கு இறுகும். இந்த இடத்தில் பலரும் பயந்துபோய் எண்ணெய் ஊற்றுகிறார்கள். எண்ணெய் ஊற்றினால் இளகாது, திரிந்து மேலே பிரிந்து நிற்கும். வேண்டியது இன்னும் தண்ணீர். இளஞ்சூடான தண்ணீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டு, ஒவ்வொரு முறையும் முழுதாகக் கலந்த பிறகே அடுத்ததை விடுங்கள். முதல் மூன்று நான்கு கரண்டிக்கு நிலைமை மோசமாவது போலத்தான் தெரியும். விழுதின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தண்ணீர் சேரும்போது திடீரென்று இளகி, நிறம் வெளுத்து, மினுமினுப்பாக வரும். அதுவரை கை ஓயக்கூடாது. சோயா சோஸ், வினாகிரி எல்லாம் இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான். முதலிலேயே சோஸை ஊற்றி இளக்கப் பார்த்தால், இளகும் முன்பே உப்புக் கரித்துவிடும்.

கசப்புக்கு வருவோம். எள்ளின் தோலில் இயல்பாகவே கசப்பு உண்டு. கறுப்பு எள்ளில் அது கூடுதல். அதோடு கறுப்பு எள்ளு வறுபடும்போது நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது; கருகிய பிறகுதான் வாடை சொல்லும். ஆகவே நூடில்ஸுக்கு வெள்ளை எள்ளு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மண்ணிறத் தோலோடு உள்ளது பரவாயில்லை. வாங்கும்போது நாலு மணியை வாயில் போட்டு மென்று பாருங்கள். பழைய எள்ளு காறும். காறல் உள்ளதை எப்படி வறுத்தாலும் திருத்த முடியாது.

ஒருமுறைக்கு 200 கிராம் எடுங்கள். 100 கிராமை கிரைண்டருக்குள் போட்டால் பிளேடுக்கு எட்டாமல் ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ளும், பொடியாகும், விழுதாகாது. உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அரிசியை அரிப்பது போல இரண்டு தண்ணீரில் அரித்துக் கல் மணல் நீக்குங்கள். ஒரு சிறு மணல் போதும், முழு விழுதும் பல்லில் நறநறக்கும். பிறகு துணி வடியில் நன்றாக வடிய விடுங்கள். ஆனி ஆடி மழையில் ஹட்டனில் எள்ளை வெயிலில் காயப்போடுவது நடக்காத காரியம். அடிகனமான தாச்சியில் மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் ஈரம் போய் மணிகள் தனித்தனியாக உருளத் தொடங்கும். வறுக்கும் நேரத்தை அங்கிருந்துதான் கணக்கெடுக்க வேண்டும்.

100 கிராம் வீதம் இரண்டு முறையாக வறுங்கள். மெல்லிய தீயில் 6 முதல் 8 நிமிடம். முதலில் ஒன்றிரண்டு மணி வெடிக்கும், பிறகு படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கத் தொடங்கும்போது ஒரு மணியை விரலால் நசுக்குங்கள். சுலபமாகப் பொடிந்து, எள்ளுருண்டை வாசனை வந்தால் சரி. நிறம் வெளிறிய பொன். உடனே அகலமான தட்டில் கொட்டிப் பரப்புங்கள். அடுப்பை அணைத்துவிட்டுத் தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். பாதிப் பேருக்குக் கசப்பு வருவது இந்த இடத்தில்தான்.

கைபொறுக்கும் சூடு இருக்கும்போதே சிறிய ஜாரில் போட்டு அரையுங்கள். ஆறிப்போனால் எண்ணெய் விட மறுக்கும். 30 விநாடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், சுவரில் அப்பியதை வழித்துவிடுங்கள், மறுபடி ஓட்டுங்கள். பொடி, ஈரப்பொடி, கட்டி, பிறகு விழுது என்று வரிசையாக மாறும். ஈரப்பொடி நிலையில் 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டர் சுடும், எள்ளும் சூடேறிக் கசக்கும். மொத்தம் 5, 6 நிமிட வேலை. ஜாரில் ஒரு துளி தண்ணீர்கூட இருக்கக்கூடாது. இருந்தால் உள்ளேயே இறுகி பிளேடைப் பிடித்துவிடும். கிரைண்டர் இல்லாவிட்டால் அம்மி நல்லது. இன்னும் வழவழப்பாக வரும், கைதான் வலிக்கும்.

கிடைப்பது ஏறத்தாழ 15 மேசைக்கரண்டி. காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடிவைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். எண்ணெய் மேலே மிதக்கும், எடுக்கும்போது அடிவரை கலக்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீன, கொரியச் சமையலில் சொல்கிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் பிழிந்தது. கருஞ்சிவப்பாக, வாசனை தூக்கலாக இருக்கும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் செக்கில் ஆட்டியது. ஒன்றுக்கு ஒன்று அளவில் மாற்ற முடியாது. ஆனால் விழுதையே வறுத்த எள்ளில் அரைத்திருப்பதால் வாசனையில் பெரும்பங்கு வந்துவிடும். இன்னும் வேண்டுமானால் 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி வறுத்து நசுக்கிய எள்ளைப் போட்டு, மிக மெல்லிய தீயில் 3 நிமிடம் வைத்து இறக்கி ஆறவிடுங்கள். அதில் 2 தேக்கரண்டி கடைசியாகச் சேர்த்தால் போதும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். அது 24 பாகைக்குக் கீழே உறையும். உங்கள் ஊர்க் குளிரில் போத்தலிலேயே உறைவதைப் பார்த்திருப்பீர்கள். நூடில்ஸிலும் அப்படியே வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும்.

இனிச் சோஸ். 400 கிராம் நூடில்ஸுக்கு, நாலைந்து பேருக்கு:

எள்ளு விழுது 8 மேசைக்கரண்டி. இளஞ்சூடான தண்ணீர் 8, தேவைப்பட்டால் 10 மேசைக்கரண்டி. சோயா சோஸ் 4 மேசைக்கரண்டி (உப்பின் அளவு போத்தலுக்குப் போத்தல் மாறும்; ருசி பார்த்து ஐந்தாவதை விடுங்கள்). வினாகிரி 2 மேசைக்கரண்டி, தென்னை வினாகிரியானால் நல்லது. சீனி ஒன்றரை மேசைக்கரண்டி. வெள்ளைப்பூடு 4 பல்லும் விரல்நுனியளவு இஞ்சியும் உப்போடு நசுக்கியது. செத்தல் மிளகாய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. பிள்ளைகளுக்கானால் இதைத் தனியாக வைத்துவிடுங்கள்.

மிளகாய் எண்ணெய்க்கு, இடித்த செத்தல் மிளகாய் 2 மேசைக்கரண்டியை ஒரு பீங்கான் கோப்பையில் போட்டு, 5 மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி இறக்கி, 2 நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். மிளகாய் சிறுசிறு குமிழாகப் பொங்க வேண்டும். உடனே கறுத்தால் சூடு அதிகம், கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

முடிந்த சோஸ் தோசை மாவை விடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும். நூடில்ஸில் பட்டதும் இன்னும் இறுகும், குளிரில் அதைவிட வேகமாக இறுகும்.

நூடில்ஸ் வேகாததற்கு நீங்கள் பொறுப்பல்ல, உங்கள் ஊரின் உயரம்தான் பொறுப்பு. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீற்றர் உயர ஒரு பாகை குறையும். ஹட்டனில் ஏறத்தாழ 96, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறத்தாழ 94. கொதித்த பிறகு எவ்வளவு விறகு தள்ளினாலும் அந்தத் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. பக்கெட்டில் 3 நிமிடம் என்றிருந்தால் ஹட்டனில் 4, நுவரெலியாவில் நாலரை என்று வைத்துக்கொண்டு, மூன்றாவது நிமிடத்திலிருந்தே ஒவ்வொரு இழையாக எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் வெள்ளைப் புள்ளி மறைந்து, பல்லுக்கு மெல்லிய எதிர்ப்பு இருக்கும்போது இறக்க வேண்டும். குக்கரில் போடாதீர்கள், களியாகிவிடும்.

400 கிராமுக்கு 4 லீற்றர் தண்ணீர் வேண்டும். அவ்வளவு பெரிய பானை இல்லையென்றால் 2 லீற்றரில் 200 கிராம் வீதம் இரண்டு முறை அவியுங்கள். குறைந்த தண்ணீரில் மாவு கெட்டிப்பட்டு இழைகளை ஒட்டவைக்கும். போட்டதும் கொதி அடங்கித் திரும்ப எழவும் நேரமாகும். முதல் ஒரு நிமிடம் முள்ளுக்கரண்டியால் பிரித்துக்கொண்டே இருங்கள். வடிக்கும் முன் அவித்த தண்ணீரில் ஒரு கிளாஸ் எடுத்துவைக்க மறக்கவேண்டாம்.

வடித்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு போனால்தான் கட்டி பிடிக்காது. பீலித் தண்ணீர் நல்ல குளிர்ச்சி, ஆனால் நூடில்ஸ் இதற்குப் பிறகு வேகப்போவதில்லை. அலசும் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்க வேண்டும். பானையில் முதல்நாள் இரவே ஆறவைத்துவிடுங்கள். அலசியதும் 5 நிமிடம் வடியவிட்டு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் பிசறுங்கள். இழையில் தண்ணீர் தங்கினால் சோஸ் வழுக்கிக்கொண்டு அடியில் போய்த் தேங்கும்.

நூடில்ஸ் வகை: கொஞ்சம் மொத்தமான முட்டை நூடில்ஸ் இந்தச் சோஸைத் தாங்கும். மெல்லிய அரிசி நூடில்ஸ் பிசறும்போதே உடைந்துவிடும். உடனடி நூடில்ஸ்தான் இருக்கிறதென்றால் மசாலாப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டுச் செய்யலாம், ஆனால் அது சீக்கிரம் குழையும்.

எள்ளு நூடில்ஸை ஆறவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் வெயில்காலத்துக்கு அப்படிச் செய்வார்கள். மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் நீங்களும் செய்யுங்கள். மழைக்காலத்துக்கு ஏற்றது சீனாவின் வூஹான் நகரத்து முறை. அங்கே காலைச் சாப்பாடே எள்ளு விழுது பிசறிய சூடான நூடில்ஸ்தான். முக்கால் பதத்தில் வடித்து, எண்ணெய் பிசறி ஆறவைத்துவிடுவார்கள். வேண்டும்போது ஒரு ஆளுக்கு வேண்டியதை மட்டும் வடிகரண்டியில் எடுத்து, கொதிநீரில் சில விநாடி முக்கி, சூடாகவே சோஸில் பிசறுவார்கள். நம் மலைக்கு இதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். முதல்நாள் இரவு அவித்து மூடிவைத்தால் விடிய வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் நேரத்தில் ஒரு கோப்பைக்கு இரண்டு நிமிடம் போதும். முக்கும் நேரம் 15 விநாடி. பிசறும்போது இறுகினால் ஒரு கரண்டி சுடுதண்ணீர். அன்றன்றே செய்தால் எடுத்துவைத்த நூடில்ஸ் தண்ணீரை விடுங்கள்; அதிலுள்ள மாவு சோஸை இழையோடு பிடித்துவைக்கும்.

வூஹானில் மேலே தூவும் ஊறுகாய் முள்ளங்கியும் நமக்குச் சுலபம். 200 கிராம் முள்ளங்கியைச் சிறு சதுரமாக வெட்டி, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி 20 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். 3 மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு தேக்கரண்டி சீனி, கொஞ்சம் இடித்த மிளகாய். அரைமணியில் தயார். எள்ளின் கொழுப்பை இந்தப் புளிப்புத்தான் வெட்டும்; இல்லாவிட்டால் நாலு வாய்க்கு மேல் திகட்டிவிடும். கரட், வெள்ளரி, லீக்ஸின் வெள்ளைப் பகுதி எதையும் மெல்லிய ஈர்க்காக நறுக்கி மேலே போடலாம். அவித்த முட்டையும் பொருந்தும்.

சாப்பாட்டுப் பெட்டிக்கு என்றால் சோஸைச் சிறு போத்தலில் தனியாகக் கொடுத்தனுப்புங்கள். பிசறி வைத்தால் நூடில்ஸ் மதியத்துக்குள் சோஸைக் குடித்து வறண்டுவிடும். சில பிள்ளைகளுக்கு எள்ளு ஒவ்வாது. இதுவரை எள்ளு சாப்பிட்டிராத பிள்ளைக்கு முதலில் ஒரு சிறு கரண்டி கொடுத்துப் பாருங்கள். வாய் வீக்கம், தடிப்பு, மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

உங்களிடம் மிச்சமிருக்கும் கறுப்பு விழுதை முகர்ந்து பாருங்கள். புகைவாடை அடித்தால் கருகியிருக்கிறது, எறிந்துவிடுங்கள். புகைவாடை இல்லாமல் கசப்பு மட்டும் என்றால் அது தோலின் கசப்பு. வறுத்துத் தோல் நீக்கிய கச்சானை விழுதாக அரைத்து, எள்ளு விழுதுக்குச் சம அளவு சேர்த்து, அரைத் தேக்கரண்டி சீனி கூட்டினால் அடங்கிவிடும். ஏற்கெனவே தண்ணீரும் சோயா சோஸும் கலந்ததால் அது நாட்பட நிற்காது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததென்றால் இரண்டு நாளுக்குள் சுடுதண்ணீர் விட்டு இளக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். சோயா சோஸின் உப்பு அதிலேயே இருப்பதால் மேலும் விடும்முன் ருசி பாருங்கள்.