மீன்தொட்டிக்கு வாளி சுமக்க வேண்டாம்

கேள்வி: 200 லிட்டர் மீன்தொட்டிக்கு வாரந்தோறும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றி இடுப்பு நோகிறது. எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. தொட்டியிலிருந்து கழிவுநீர்த் துவாரம் வரை எட்டும் நீண்ட குழாயின் வெளிமுனை, தொட்டியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால், ஒருமுறை ஓடத் தொடங்கிய நீர் தானே வடிந்துகொண்டிருக்கும்; குஞ்சுகள் இழுபடாதிருக்க உள்முனையில் வலைத்துணி கட்டுங்கள். கால்பங்கு நீர் இறங்கியதும், 50 லிட்டர் டிரம்மில் ‘குளோரின் நீக்கி’ என்னும் மருந்தைக் கலந்து வைத்த நீரைச் சிறிய நீர்மூழ்கி மோட்டாரால் ஏற்றலாம். நீரை ஒருநாள் திறந்து வைத்தால் போதும், குளோரின் போய்விடும் என்பவர்கள் உண்டு; ஆனால் கிருமிநாசினியாகக் குழாய்நீரில் கலக்கப்படும் இன்னொரு பொருளான குளோரமின் அப்படி எளிதில் வெளியேறாது என்பதால், நீக்கியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். புதுநீரின் வெப்பம் தொட்டி நீரோடு ஒத்திருக்கட்டும். ஹீட்டரை முதலிலேயே அணைத்துவிடுங்கள்; நீருக்கு வெளியே சூடேறிய அதன் கண்ணாடி, குளிர்ந்த நீர் பட்டதும் விரிசல் விடக்கூடும்.