ரிப்போர்ட் ஒன்று, கிருமியும் ஒன்றா?

கேள்வி: ஐசியூவில் 3 நோயாளிகளுக்குக் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட் மூன்றும் ஒரே மாதிரி. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது என்று முடிவு கட்டலாமா?

பதில்: கூடாது. கார்பபெனம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக்கை முறிக்கும் ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருக்கிறது. அந்தச் சிறு டிஎன்ஏ வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஆகவே உறவே இல்லாத கிருமிகளும் ஒரே ரிப்போர்ட் தரலாம். முழு ஜீனோமையும், அதாவது கிருமியின் மொத்த டிஎன்ஏவையும், ஒப்பிட்டால்தான் உறவு தெரியும்.

அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் 2011இல் நடந்ததைப் பாருங்கள். இந்தக் கிருமியோடு ஜூனில் வந்த முதல் நோயாளி ஜூலையில் வீடு திரும்பினார். அடுத்தவரிடம் கிருமி தெரிந்ததோ ஆகஸ்டில். இடைவெளியைப் பார்த்தால் தொடர்பில்லை என்றே தோன்றும். ஆனால் சுமார் 60 லட்சம் எழுத்துள்ள ஜீனோமில் இருவரின் கிருமிகளுக்கும் இடையே விரல்விட்டு எண்ணக்கூடிய மாற்றங்களே இருந்தன; மூலம் முதல் நோயாளிதான். நடுவில் அறிகுறியே இல்லாமல் சிலர் கிருமியைச் சுமந்திருக்க வேண்டும். மொத்தம் 18 பேருக்குத் தொற்றியது. கிருமியாலேயே 6 பேர் இறந்தார்கள். சுத்தம் செய்து வைத்த வென்டிலேட்டரிலும் அது இருந்தது!

பலரும் தவறுவது சாம்பிளில்தான். அந்த முதல் நோயாளியின் தொண்டை, நுரையீரல், தொடையிடுக்குக் கிருமிகளே தமக்குள் சற்று வேறுபட்டன. கிருமி வளர்க்கும் ஒரே தட்டிலிருந்து ஒரே காலனியை (ஒரு கிருமி பெருகி உருவான புள்ளியை) எடுத்தால் பரவிய பாதை தவறாகப் படும். பல இடங்களில் ஸ்வாப் எடுங்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு மலக்குடல் ஸ்வாப் அவசியம். பிளாஸ்மிட் தாவியதா என்று அறிய டிஎன்ஏவை 150 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாகப் படிப்பது போதாது. திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் அந்தத் துண்டுகள் எங்கே பொருந்தும் என்பதே தெரியாது. நீண்ட துண்டுகளாகப் படிக்கும் சீக்வென்சிங் வேண்டும்.