கம்ப்ளையன்ஸ்: கேள்விகளும் என் பதில்களும்

நிறுவனங்கள் விதிகளை எப்படிக் கடைப்பிடிக்கின்றன, எப்படிக் கடைப்பிடிப்பதுபோல் காட்டிக்கொள்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வழக்கறிஞர் இல்லை. என் பதிலை நம்பி யாரும் வழக்காடப் போகாதீர்கள்.

கேள்வி: மேடம், ஒழுங்குமுறை, கம்ப்ளையன்ஸ், நிறுவன ஆளுகை மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. வெளியிலிருந்து விதி போட்டுக் கண்காணிப்பது ஒழுங்குமுறை. அந்த விதி உள்ளே அன்றாட வேலையாக மாறுவது கம்ப்ளையன்ஸ். யார் முடிவெடுக்கிறார்கள், அவர்களை யார் தட்டிக்கேட்க முடியும் என்பது ஆளுகை. மூன்றாவது கெட்டால் இரண்டாவது வெறும் கோப்புதான்.

கேள்வி: கம்ப்ளையன்ஸ் சான்றிதழ்ப் படிப்பு படித்தால் வேலை கிடைக்குமா?

ஓரளவு உதவும். கணக்கு அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருப்பது அதைவிட உதவும்.

கேள்வி: அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிடம் பெரிய நெறிமுறைக் கையேடு இருந்ததாமே? அப்புறம் எப்படி விழுந்தது?

இருந்தது, 60 பக்கத்துக்கு மேல். சொந்த லாபமும் நிறுவன நலனும் மோதும் இடத்தில் அதிகாரிகள் நிற்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. 1999இல் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ, என்ரானோடு வாங்கல் விற்றல் செய்யும் ஒரு கூட்டு முதலீட்டு அமைப்பைத் தானே நடத்தப்போவதாகச் சொன்னார். விற்பவர் பக்கமும் அவர், வாங்குபவர் பக்கமும் அவர். இயக்குநர் குழு அவருக்காக அந்த விதியை முறைப்படி தள்ளிவைத்தது. கூட்டம் நடந்தது, ஒப்புதல் கிடைத்தது, எல்லாம் பதிவும் ஆனது. 2001 டிசம்பரில் நிறுவனம் திவால். கதவுக்குப் பூட்டு போட்டவர்களே சாவியையும் எடுத்துக் கொடுத்தார்கள்.

இந்த வகையில் எனக்கு இன்னும் பிடித்த (பிடித்த என்று சொல்லலாமா தெரியவில்லை) உதாரணம், 2008இல் விழுந்த அமெரிக்க முதலீட்டு வங்கி லீமன் பிரதர்ஸின் 'ரெபோ 105'. காலாண்டு முடியும் நேரத்தில் 105 டாலர் மதிப்புள்ள பத்திரத்தைக் கொடுத்து 100 டாலர் ரொக்கம் வாங்குவார்கள். சில நாள் கழித்துப் பணத்தைக் கொடுத்துப் பத்திரத்தை மீட்டுக்கொள்வார்கள். எந்த ஊர்க் கணக்கிலும் இது கடன்தான். ஆனால் கொடுத்த பத்திரத்தின் மதிப்பு அந்த அளவுக்குக் கூடுதல் என்பதைக் காட்டி, கடன் குறைவாகத் தெரியும்படி அதை 'விற்பனை' என்று எழுத விதியில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 2008இன் இரண்டாம் காலாண்டில் மட்டும் சுமார் 5,000 கோடி டாலர் இப்படிக் கணக்குப் புத்தகத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தது. அமெரிக்காவில் இதைச் சரியென்று எழுதித்தர ஒரு சட்ட நிறுவனமும் கிடைக்காமல், பிரிட்டனில் ஒன்றிடம் எழுதி வாங்கினார்கள். விதியின் எழுத்துக்கு ஒத்துப்போய் அதன் நோக்கத்தைக் கொல்லும் இந்த வேலைக்கு எங்கள் துறையில் 'சாமர்த்திய இணக்கம்' என்று ஒரு பெயரே உண்டு.

ஆகவே என் பழைய பல்லவி: கையேடு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதிலிருந்து விலக்கு கேட்டவர் யார், கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

கேள்வி: சான்றிதழ்ப் படிப்பில் எது சிறந்தது, மேடம்?

மேலே பாருங்கள்.

கேள்வி: சுயேச்சை இயக்குநர்களால் ஏதாவது பயன் உண்டா?

நிர்வாகத்தைச் சேராமல் இயக்குநர் குழுவில் உட்காரும் அவர்களுக்குத் தகவல் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தது. 2008 டிசம்பரில் ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் இயக்குநர் குழு, நிறுவனரின் குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் கொடுத்தது. மேசையைச் சுற்றிப் பேராசிரியர்கள் உட்பட மெத்தப் படித்தவர்கள்தான் இருந்தார்கள். பங்குதாரர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் 7ஆம் தேதி நிறுவனர் ராமலிங்க ராஜுவின் கடிதம் வந்தபோதுதான், கணக்கில் இருந்த ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் நல்லாளுகைக்கு விருது வாங்கியிருந்தார்கள். நிர்வாகம் அனுப்பும் கோப்பை மட்டுமே படிக்கும் இயக்குநர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நிர்வாகத்தின் கண்ணால்தான் பார்ப்பார்.

கேள்வி: நடக்காத பயிற்சி வகுப்புக்குக் கடந்த மாதத் தேதி போட்டுக் கையெழுத்து கேட்கிறார் மேலாளர். எல்லோரும் போட்டுவிட்டார்கள். நான் என்ன செய்வது?

போடாதீர்கள், தம்பி. மற்றதை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேளுங்கள், இன்றே.

ஆராய்ச்சிக்காகப் போன ஓர் இடத்தில் இப்படி ஒரு பயிற்சிப் பதிவேட்டைப் பெருமையாகக் காட்டினார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே நீல மை, ஒரே சாய்வு. அந்த வாரம் மகப்பேறு விடுப்பில் இருந்தவரின் கையெழுத்தும் அதில் இருந்தது. தணிக்கையில் அந்தப் பக்கத்துக்கும் பச்சை டிக் விழுந்திருந்தது.

கேள்வி: ஓய்வுபெற்ற தணிக்கையாளன் நான். பேராசிரியர் அவர்களே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? தண்டனையைக் கடுமையாக்கினால் தானாக வழிக்கு வருவார்கள்.

ஐயா, அபராதம் சில நேரம் விலைப்பட்டியலாகிவிடும். இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் ஏறக்குறைய இரு மடங்கானது. முன்பு ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்று கூசியவர்கள், இப்போது காசு கொடுத்து நேரம் வாங்கினார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

அவரே: காப்பகமும் வங்கியும் ஒன்றா? அபராதம் சிறிதாக இருந்ததால்தான் அப்படி.

நியாயம்தான், அது சிறிய அபராதம். சரி, வங்கிக்கே வருவோம். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகள் திறந்ததற்காக அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். அதன் ஆண்டு லாபம் 2,000 கோடி டாலருக்கு மேல். வலித்ததா? எனக்குத் தெரிந்து உண்மையில் வலித்தது 2018இல் அமெரிக்க மத்திய வங்கி போட்ட தடை: உள்ளே சீர்திருத்தும்வரை உன் மொத்தச் சொத்து வளரக் கூடாது. அது 2025 வரை நீடித்தது. தொகையைவிட எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

இன்னொருவர்: மேடம் சொல்வது கடுமையான தண்டனைதானே! ஐயா கட்சிக்கே வந்துவிட்டீர்கள்.

வரவில்லை. ஒழுங்குமுறை ஆய்வாளர்கள் அயர்ஸ், பிரைத்வெய்ட் இருவரும் 1992இல் சொன்ன பிரமிடு இது. கீழே பேச்சும் அறிவுரையும், நடுவில் எச்சரிக்கையும் அபராதமும், உச்சியில் உரிமம் ரத்து. பெரும்பாலான வேலை கீழேயே முடிய வேண்டும். அது முடிவதற்கே உச்சி இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தணிக்கையாளர் ஐயா: கீழேயே உட்கார்ந்து காபி குடித்துப் பழகிய அதிகாரி மேலே ஏறவே மாட்டார். நாற்பது வருடம் பார்த்தவன் சொல்கிறேன்.

இதில் உங்களோடு சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. பிரமிடின் பலவீனமே அதுதான். ஆனால் எடுத்த எடுப்பில் உச்சியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. என்ரானின் தணிக்கை நிறுவனம் ஆர்தர் ஆண்டர்சனுக்கு 2002இல் குற்றத் தீர்ப்பு. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்து செய்தது. அதற்குள் நிறுவனம் இல்லை. வேலை இழந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் என்ரான் கோப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

அவரே: அதனால்தான் சொல்கிறேன், நிறுவனத்தை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள்.

இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டவரைப் பிடித்து, போடச் சொன்னவரை விட்டுவிடக் கூடாது. நடைமுறையில் பெரும்பாலும் அப்படி விட்டுவிடுவதுதான் நடக்கிறது.

கேள்வி: மேடம், சான்றிதழ்ப் படிப்புக்கு எவ்வளவு காலம் ஆகும்?

மூன்றாவது முறை. இனி இதற்குப் பதில் இல்லை.

கேள்வி: பங்கு வாங்குகிறவன் நான். ஒரு நிறுவனத்தை ஐந்து நிமிடத்தில் எடைபோட என்ன பார்க்க வேண்டும்?

ஐந்து நிமிடத்தில் முடியாது. பத்து நிமிடம் கொடுங்கள். ஆண்டறிக்கையில் நிறுவனருக்கும் அவர் உறவினர்களுக்கும் போன பணம் பற்றிய குறிப்பு, தணிக்கையாளர் இடையில் விலகினாரா, விலகினால் என்ன காரணம் சொன்னார். 'சொந்தக் காரணங்கள்' என்று இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

கேள்வி: பயிற்சிப் பதிவேடு பற்றிக் கேட்டவன்தான் மறுபடியும். இன்று கூப்பிட்டு அழுத்தினார்கள். கையெழுத்துப் போட்டேன், ஆனால் இன்றைய தேதியைப் போட்டு, 'வகுப்பு நடக்கவில்லை' என்று பக்கத்தில் எழுதிவிட்டேன். மேலாளர் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

நடந்ததை நேரத்தோடு இன்று இரவே எழுதிவையுங்கள், தம்பி. யார் யார் அறையில் இருந்தார்கள் என்பதையும். வழக்கறிஞரைப் பார்த்தீர்களா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.