அடகுக்கடைக்குப் போகும் முன் ஒரு வார்த்தை, அண்ணாச்சி

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை ஒன்றில் மேற்பார்வை பார்க்கும் ஒருவர், பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனர், மருமகளை அங்குள்ள டேட்டா சயின்ஸ் பயிற்சி ஒன்றில் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். கட்டணம் 3,50,000 ரூபாய். விடுதிச் செலவு தனி. வீட்டம்மாவின் நகையை அடகு வைப்பதா, வயலை ஒத்திக்கு விடுவதா என்பதுதான் அவர் என்னிடம் கேட்க வந்த கேள்வி. சேர்க்கலாமா வேண்டாமா என்ற கேள்வி அந்த வீட்டில் யாருக்கும் எழுந்ததாகவே தெரியவில்லை. இதே குழப்பத்தில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று, அவருக்கான பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அண்ணாச்சி, நகையும் வேண்டாம், வயலும் வேண்டாம். டேட்டா சயின்ஸ் நல்ல துறைதான். அதற்கு அடிப்படை புள்ளியியல். உங்கள் மகளிடம் அந்தப் பாடத்தைப் பற்றிக் கேட்டேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்து தேறியதாகவும், மறுபடி அந்தப் புத்தகத்தைத் திறக்கவே விருப்பமில்லை என்றும் அவளே சொன்னாள். விருப்பமில்லாத ஒன்றைச் சில மாதங்களில் விழுங்கிவிட்டு, அதையே முதுநிலை வரை முறையாகப் படித்தவர்களோடு ஒரே வரிசையில் நிற்கச் சொல்வது அந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் உதவி ஆகாது. "வேலை உறுதி" என்று அச்சிட்ட தாளைக் காட்டினீர்கள். அதன் பின்பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகளையும் படியுங்கள். மாதத் தவணை வசதி என்று சொல்லப்படும் ஏற்பாடுகள் பலவற்றில், முழுத் தொகையும் கடன் நிறுவனத்திடமிருந்து பயிற்சி நிறுவனத்துக்கு முதலிலேயே போய்விடும். பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை மட்டும் உங்கள் தலைமேல் நிற்கும்.

எம்.சி.ஏ., வங்கித் தேர்வு, பெரிய நிறுவனங்களின் வளாகத் தேர்வு ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. விடுதி உணவுக் கணக்குக்காக அவள் குழுவில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வலைத்தளம் எழுதுகிறார்கள் அல்லவா? அதில் மற்ற மூவரும் தாங்கள் எழுதிய நிரலை முதலில் அவளிடம்தான் அனுப்புகிறார்களாம். எங்கே தவறு இருக்கிறது என்று அவள் கண்ணில் பட்டுவிடுமாம். சொல்லும்போது அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்களும் பார்த்தீர்கள். அந்தக் கண்ணுக்கு இந்தத் தொழிலில் தனி இடம் உண்டு. குழுவாக எழுதும் நிரலை, பில்ட் ஆகும் (எல்லோரும் எழுதியது ஒன்றாகத் தொகுக்கப்படும்) ஒவ்வொரு முறையும் இயந்திரமே படித்துப் பிழை சொல்லும்படி அமைத்துப் பராமரிக்கும் வேலை அது. ஸ்டேடிக் அனாலிசிஸ் என்பார்கள். உங்கள் ஆலையில் அரிசி மூட்டைக்குப் போகும் முன் கல் நீக்கும் இயந்திரம் ஓடுகிறதே, அதே காரியம்தான்.

இது நேற்று முளைத்ததும் அல்ல. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-இல் சி மொழி நிரல்களைச் சோதிக்க லின்ட் என்ற கருவியை எழுதினார். இன்று வலைத்தள நிரல்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஈஎஸ்லின்ட் 2013-இல் வந்தது. ஜாவா மொழிக்கு ஸ்பாட்பக்ஸ், பி.எச்.பி. மொழிக்கு பி.எச்.பி.ஸ்டான், பல மொழிகளையும் ஒரே இடத்தில் பார்க்க சோனார்கியூப் என்று வரிசை நீளும். அவற்றின் பயன் என்ன என்பதற்கு ஒரு சான்று போதும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. இரண்டாவது வரிக்கு நிபந்தனை ஏதும் இல்லாததால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதிக்கு நிரல் போகாமலேயே தாண்டிவிட்டது. நிரல் ஒருபோதும் எட்டாத வரிகள் எவை என்று தேடும் சோதனையை இயக்கியிருந்தால், அது உடனே சுட்டிக் காட்டியிருக்கக்கூடிய பிழை.

உங்கள் மகளின் குழுவிலேயே இப்படி நேரலாம். வந்திருப்பவர் நிர்வாகியா என்று கேட்க வேண்டிய இடத்தில், மூன்று சமன் குறிகளுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் போட்டுவிட்டால், வலைத்தளங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் மொழி கேள்வி கேட்காது. வந்தவரை நிர்வாகியாகவே ஆக்கிவிடும். நிர்வாகியாக உள்ளே நுழைந்து சோதிக்கும் மாணவருக்கு எல்லாம் சரியாக ஓடுவதாகவே தோன்றும். ஈஎஸ்லின்ட்டின் பரிந்துரைத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. சில வினாடிகளில் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லிவிடும்.

கருவியை நிறுவுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. சம்பளம் தருவது அதற்குப் பின்னால் இருக்கிற விவரம். பிழை கண்டால் ஈஎஸ்லின்ட் 1 என்ற எண்ணைத் திருப்பித் தரும். 0 அல்லாத எண் வந்தால் பில்ட் நின்றுவிடும். ஆனால் வெறும் எச்சரிக்கைகள் மட்டும் இருந்தால் 0 தான் வரும், பில்ட் பச்சையாகவே (தேறியதாகவே) தெரியும், எச்சரிக்கைகள் ஒருவர் கண்ணிலும் படாமல் குவிந்துகொண்டே போகும். எத்தனை எச்சரிக்கை வரை பொறுப்பது என்று உச்சவரம்பு வைக்க ஒரு அமைப்பு உண்டு என்பதும், பில்ட் சிவப்பானால் (தேறாமல் நின்றால்) குழுவின் பொதுக்கிளையில் நிரலைச் சேர்க்க முடியாதபடி, நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தனியாகப் பூட்டுப் போட வேண்டும் என்பதும் பாடப்புத்தகத்தைப் பார்த்து வருவதில்லை. வேகமான சோதனைகளைப் பில்டின் தொடக்கத்திலேயே வைத்து, நேரம் பிடிக்கும் ஆழமான சோதனைகளை இரவு ஓட்டத்துக்குத் தள்ளத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தைப் பதியும் ஒவ்வொரு முறைக்கும்) இருபது நிமிடம் காக்க வைத்தால் குழுவினர் அதைத் தாண்டிப் போக வழி தேடுவார்கள்.

பழைய திட்டங்களில்தான் உண்மையான திறமை தெரியும். பல ஆண்டுகளாக ஓடும் வலைத்தளம் ஒன்றில் எல்லா விதிகளையும் ஒரே நாளில் இயக்கினால் ஆயிரக்கணக்கில் பிழைகள் வந்து கொட்டும். குழு மலைத்துப்போய்க் கருவியையே நிறுத்திவிடும். அறிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். இருக்கும் பிழைகளைப் பட்டியலிட்டு ஒரு கோப்பில் ஒதுக்கிவைத்துவிட்டு, இனி எழுதும் நிரலில் மட்டும் கண்டிப்புக் காட்டுவார். பி.எச்.பி.ஸ்டான் அத்தகைய கோப்பைத் தானே உருவாக்கித் தரும். அதன் கண்டிப்பையும் 0-ஆம் நிலையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். சோனார்கியூபில் ஏற்கெனவே அமைத்துத் தரப்படும் தர வாயிலும் (நிரல் தேறியதா என்று முடிவு செய்யும் வரம்புகளும்) புதிய நிரலையே அளக்கிறது: குறைந்தது 80 சதவீதம் சோதனைகளால் தொடப்பட்டிருக்க வேண்டும், ஒன்றையே திரும்ப எழுதியது 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருவி தவறாகக் குற்றம் சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே விதியை அந்த ஒரு வரிக்கு மட்டும் தளர்த்தி, காரணத்தைப் பக்கத்திலேயே எழுதிவைக்கும் ஒழுங்கு வேண்டும். சக மாணவர் கோபித்துக்கொள்ளும்போது பொறுமையாக விளக்குவதும் இந்த வேலையில் பாதி. அது உங்கள் மகளுக்கு இப்போதே கைவந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று மைத்துனர் கேட்பார். இயந்திரம் எழுதும் நிரலும் இதே வாயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுதுவது எளிதாகி நிரல் பெருகப் பெருக, சரிபார்க்கத் தெரிந்தவரின் தேவை கூடும் என்பதே என் கணிப்பு.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். ஈஎஸ்லின்ட், பி.எச்.பி.ஸ்டான் ஆகியவற்றின் திறமூலப் பதிப்புகளுக்கும் சோனார்கியூபின் கம்யூனிட்டி பில்ட் என்ற பதிப்புக்கும் பணம் இல்லை. பில்டையும் சோதனைகளையும் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ், பொதுவில் திறந்துவைத்த திட்டங்களுக்கு இலவசம். அவளுடைய மடிக்கணினியில் இருக்கும் 4 ஜிபி நினைவகம் சோனார்கியூபுக்குத் திணறும். 8 ஜிபியாகக் கூட்டிக் கொடுங்கள். இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டிய ஒரே செலவு அதுதான்.

சமாதானத்துக்காக ஒன்றை மறைக்க மாட்டேன். படித்து முடித்ததும் இந்த வேலைக்கென்றே தனியாக ஆள் எடுக்கும் விளம்பரங்கள் அரிது. வலைத்தள நிரலாளராகவோ சோதனைப் பிரிவிலோ நுழைந்துதான் பில்ட், பாதுகாப்பு ஆகிய பக்கங்களுக்கு நகர வேண்டியிருக்கும். முதல் சம்பளம் உறவினர் விசேஷ வீட்டில் பெருமையாகச் சொல்லும்படி இருக்காது. ஊரை விட்டே போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரை நம் நெல்லையோடு இருந்த மத்தளம்பாறையில், 2011 முதல் சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் இயங்கிவருகிறது. எங்கே போய் நின்றாலும் சான்றிதழைவிட, தானே அமைத்த பில்ட் சிவப்பாகி நின்ற இடத்தையும் அதற்கான காரணத்தையும் திரையில் காட்டிப் பேசும் பிள்ளைக்கே மதிப்பு.

ஆகவே இந்தப் பருவம் முடிவதற்குள் அந்த விடுதிக் கணக்குத் தளத்திலேயே அவள் இதைச் செய்து பார்க்கட்டும். அதுவரை பெங்களூருக்கு முன்பணம் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். செய்து பார்த்தபின் இது தனக்கு ஒத்துவரவில்லை என்று அவள் சொன்னால் மறுபடி அழைத்து வாருங்கள், வேறு வழி பார்ப்போம். அப்போதும் கடன் வாங்கிச் சேரும் பயிற்சி எதையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை என்பதை மைத்துனரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.